பன்றிக்குள் உறங்கும் 59 பழைய கிருமிகள்

குளுவாங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. "பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்கு வைக்கிறார்களாமே, அது நம் நாட்டுக்கு எப்போது வரும் ஐயா?" என்று கேட்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் மாசாயில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவின் இடது கைதான் கண்ணில் வந்தது. சுத்திகரிப்பு ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் கயிறுபோல் புடைத்திருக்கும். அதன்மேல் விரல் வைத்தால், உள்ளே வண்டு அடைபட்டதுபோல் ஓயாமல் அதிரும். அதிர்வு இருக்கிறதா என்று மாமா காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பார்.

2024 மார்ச் 16ஆம் தேதி, பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் ஸ்லேமேன் என்ற 62 வயதுக்காரருக்குப் பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. உயிரோடிருக்கும் மனிதருக்கு மரபணு மாற்றிய பன்றியின் சிறுநீரகத்தை வைத்தது அதுவே முதல்முறை. அந்தப் பன்றியின் மரபணுக்களில் 69 திருத்தங்கள் செய்திருந்தார்கள்.

என் அப்பா ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக்கட்டும் வேலை பார்த்தவர். பட்டையைக் கீறித் தூக்கி, உள்ளே மொட்டைச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிவிடுவார். மூன்று வாரம் கழித்துப் பிரித்து நகத்தால் லேசாகச் சுரண்டுவார். பச்சை தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். ரப்பரில் ரப்பர்தான் பிடிக்கும். மாமர மொட்டைச் செருகினால் கருகிவிடும். பன்றியின் உறுப்பும் அப்படித்தான். அதன் செல்களின் மேல் நமக்கில்லாத சில சர்க்கரைப் பொருட்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டதும் நம் ரத்தம் தாக்கும். சில நிமிடங்களிலேயே உறுப்பு கறுத்துப்போகும். 69இல் மூன்று திருத்தங்கள் அந்தச் சர்க்கரைகளை நீக்க. ஏழு, மனித மரபணுக்களைச் சேர்க்க.

மீதி 59தான் என்னை வியக்க வைத்தது.

பன்றி என்றாலே நம் மலேசியாவில் 1998, 99இன் நிப்பா நோய் நினைவுக்கு வரும். 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. ஆனால் நிப்பா பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்த கிருமி. கொட்டகையை அடைத்து வளர்த்தால் தடுக்கலாம். நான் சொல்லும் கிருமிகள் கொட்டகைக்கு வெளியே இல்லை. எந்தக் காலத்திலோ பன்றியின் மூதாதையரைத் தொற்றிய வைரஸ்கள் அதன் மரபணுவிலேயே தங்களை எழுதிக்கொண்டுவிட்டன. தாய் குட்டிக்குக் காதின் வடிவத்தைக் கொடுப்பதுபோல இவற்றையும் கொடுக்கிறது. எத்தனை கழுவினாலும் போகாது. ஆய்வகத்தில் இவை மனித செல்லுக்குத் தாவும் என்று 1997இலேயே கண்டார்கள். நோயாளி எவரையும் இதுவரை தொற்றியதாகத் தெரியவில்லை. என்றாலும் அந்தப் பன்றியில் இருந்த 59 பிரதிகளையும் ஒவ்வொன்றாகத் தேடிச் செயலிழக்கச் செய்தார்கள். இந்தப் பொறுமைதான் மருத்துவம்.

அந்தப் பொறுமை இல்லாத முயற்சியும் உண்டு. அதே 1997இல் அசாமின் சோனாபூரில் மருத்துவர் தனிராம் பருவா, 32 வயது மனிதருக்குப் பன்றியின் இதயத்தை வைத்தார். நோயாளி ஏழே நாளில் இறந்தார், மருத்துவர் கைதானார்.

பாஸ்டனில் இத்தனை பொறுமைக்குப் பிறகும் ஸ்லேமேன் ஏறத்தாழ இரண்டு மாதம்தான் வாழ்ந்தார். அவர் சாவுக்குச் சிறுநீரகம் காரணமென்று அறிகுறி எதுவும் இல்லை என்றது மருத்துவமனை. பின்னர் டோவானா லூனி என்ற பெண்மணிக்குப் பன்றியின் சிறுநீரகம் 130 நாள் வேலை செய்தது. டிம் ஆண்ட்ரூஸ் என்பவருக்கு 271 நாள். பிறகு இருவருக்கும் எடுத்துவிட்டார்கள். மனித சிறுநீரகமோ பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைக்கிறது.

எனவே அம்மா, அது நம் நாட்டுக்கு வரும். ஆனால் உங்கள் கணவர் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1975லேயே மனித சிறுநீரகத்தை மாற்றிவைத்த நாடு இது. இன்று 50,000க்கும் அதிகமானோர் சுத்திகரிப்பில் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீர்க்காரர்கள். நம் வீடுகளில் காலையும் மாலையும் கெட்டிப்பால் தேநீர் ஓடுகிறது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு மட்டும் நேரமில்லை என்கிறோம். இறப்பவர்களின் நல்ல சிறுநீரகங்களைத் தீயிலும் மண்ணிலும் போட்டுவிட்டு, பாஸ்டன் பன்றியை எதிர்பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உறுப்பு தானத்துக்கு மைசெஜாத்ரா செயலியிலேயே பதிவு செய்யலாம். பதிவு செய்திருந்தாலும், இறந்த பிறகு மருத்துவர்கள் குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்பார்கள். ஆகவே இன்றிரவு சாப்பாட்டு மேசையில், உங்கள் விருப்பத்தை வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.