கயிறு கட்ட முடியாத மாணவர்கள்

நாய் என்றால் உயிர் என்பவர்கள்தான் நாய்ப் பயிற்சித் தொழிலுக்கு வருகிறார்கள். அந்தப் பிரியம் இல்லாதவர்கள் இதில் நிலைக்க மாட்டார்கள். ஆனால், பிரியம் மட்டுமே இருந்தால் நாய்க்கு ஒன்றும் விளங்காது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கேரன் பிரையர். அவர் அதைக் கற்றது நாயிடம் அல்ல, டால்பினிடம்.

1932-ல் பிறந்த கேரன், நாவலாசிரியர் பிலிப் வைலியின் மகள். திருமணமாகி ஹவாய் போனவர், அங்கே மட்டக் குதிரைகள் வளர்த்தார். நாய், குதிரைகளை அன்றைக்கு எல்லோரும் பழக்கியபடியே கழுத்துவாரும் கடிவாளமுமாகப் பழக்கினார். கணவர் டாப் பிரையர் ஒவாஹு தீவில் ‘சீ லைஃப் பார்க்’ என்ற கடல் காட்சியகத்தை உருவாக்கியபோது, 1963-ல் டால்பின்களைப் பழக்கும் பொறுப்பு கேரனிடம் வந்தது.

பழைய வித்தை எதுவும் அங்கே எடுபடவில்லை. டால்பினுக்குக் கயிறு கட்ட முடியாது. அதட்டினால் விலகி நீந்திப் போய்விடும். கையில் மிஞ்சியது ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான். டால்பின் துள்ளும் அந்தக் கணத்தில் விசில் ஊத வேண்டும், மீன் பிறகு வரலாம். விசில் இல்லாமல் மீனை மட்டும் வீசினால், கரைக்கு நீந்தி வந்ததற்குத்தான் கூலி என்று அது எடுத்துக்கொள்ளும்.

மாலியா என்ற டால்பினின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு காட்சியிலும் அது புதிதாக ஏதாவது செய்தால் மட்டுமே மீன் என்று வைத்தார்கள். பழைய வித்தைகளைக் காட்டிக் காட்டி ஒன்றும் கிடைக்காமல் தவித்தது மாலியா. ஒருநாள், வேகமெடுத்துப் புரண்டு, வாலை மட்டும் நீருக்கு மேலே நிமிர்த்தியபடி குளத்தில் வழுக்கிக்கொண்டே போனது. அதை யாருமே கற்றுத்தரவில்லை! அடுத்தடுத்து அதுவாகவே புதுப்புது வித்தைகளைக் கண்டுபிடித்தது. 1969-ல் இது ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. பயமுறுத்திப் பழக்கிய விலங்கு, சொல்லாத ஒன்றை முயன்று பார்க்கத் துணியாது என்பது என் எண்ணம்.

1984-ல் கேரன் எழுதிய ‘டோன்ட் ஷூட் தி டாக்’, தலைப்பில் நாய் இருந்தாலும் மனிதர்களின் பழக்கங்களையும் சேர்த்தே பேசுகிறது. நாய் வளர்ப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1992-லிருந்து கேரி வில்க்ஸ் என்ற நாய்ப் பயிற்சியாளருடன் சேர்ந்து கேரன் வகுப்புகள் எடுத்தார். விசிலின் இடத்துக்கு, விரலால் அழுத்தினால் ‘டிக்’ என ஒலிக்கும் கிளிக்கர் வந்தது. நாய் உட்காரும் நொடியில் ஒரு டிக், பிறகு ஒரு துண்டு கோழிக்கறி. 2025-ல் கேரன் காலமானபோது, அந்தச் சின்னக் கருவி பல நாடுகளுக்குப் போயிருந்தது.

இந்தத் தொழிலில் பாதி வேலை மனிதர்களோடுதான். பயிற்சியாளர் போன பிறகு நாயோடு இருக்கப்போவது வீட்டார். சரியான நொடியில் டிக் கொடுக்கும் நிதானம் அவர்கள் கைக்கு வராவிட்டால், நாய் கற்றதெல்லாம் சில வாரங்களில் கரைந்துவிடும்.

அந்த நிதானத்தைப் பழக ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பாப் பெய்லி என்ற மூத்த பயிற்சியாளர், நாய்ப் பயிற்சியாளர்களைக் கோழிகளோடு உட்கார வைத்தார். பல நிற வட்டுகளில் ஒன்றை மட்டும் கொத்தக் கோழியைப் பழக்க வேண்டும். நாய் நம் முகம் பார்த்து, நம் தாமதத்தையும் பொறுத்து, எப்படியோ ஊகித்துக்கொள்ளும். கோழிக்கு நம்மேல் அப்படியொரு பாசம் கிடையாது. கொஞ்சம் பிந்தினாலும் வேறு வட்டைக் கொத்தக் கற்றுக்கொள்ளும். நம்மூரில் இந்த வேலைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகளும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஒரு நாட்டுக்கோழியும் ஒரு கிண்ணம் கம்பும் போதும்.