பூட்டிய பெட்டியா? திறந்த பேரேடா?



ஒரு குடும்பத்தின் வரவு செலவு அந்த வீட்டின் நான்கு சுவர்களுக்குள் இருக்க வேண்டியது. மகன் அயல்நாட்டிலிருந்து எவ்வளவு அனுப்பினான், மகளின் திருமணத்துக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, யாரிடம் கைமாற்று வாங்கினோம் என்பவை ஊரார் வாயில் விழத்தக்கவை அல்ல. பிறர் வீட்டு வாசலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி கிடைத்த பின்னரே உள்ளே காலடி வைக்கும் பண்பில் வளர்ந்தவர்கள் நாம். அந்த வாசற்படி ஒழுக்கம் பணத்துக்கும் பொருந்தும் அன்றோ?

இன்று கைப்பேசி எட்டும் இடமெல்லாம் கிரிப்டோ நாணயமும் எட்டிவிடுகிறது. கடனா நதிக்கரையில் அமைந்த ஆழ்வார்குறிச்சியும் இதற்கு விலக்கன்று. இந்நாணயத்தைக் கையாள்வது மார்க்கத்தில் ஆகுமா என்பதில் உலமாக்களிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. அதை அவர்களிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள். நாம் இங்கே பேச வந்தது வேறொன்று. "இதில் பெயரே கிடையாது, யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது எவருக்கும் தெரியாது" என்று சொல்லி இதைப் பரிந்துரைப்போர் உண்டு. அந்தச் சொல் எவ்வளவு உண்மை?

பெயர் இல்லை, மறைவும் இல்லை

2008-ஆம் ஆண்டு சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் பிட்காயின் திட்டம் வெளியிடப்பட்டது. 2009 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. வங்கி இல்லாத பணம் அது. வங்கி இல்லையெனில், ஒருவர் ஒரே நாணயத்தை இருவருக்குக் கொடுத்து ஏமாற்றுவதைத் தடுப்பது எப்படி? எல்லாக் கணக்கையும் எல்லோரும் பார்க்கும்படி ஒரே பேரேட்டில் எழுதி வைப்பதே அதற்குக் கண்ட வழி. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எவ்வளவு, எந்த நேரத்தில் சென்றது என்பது அதில் பதிவாகிறது. முகவரி என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட தொடர். அதில் உங்கள் பெயர் இராது. ஆனால் பதிந்ததை அழிக்கவும் வழி இராது.

2010 மே 22 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்காயின்கள் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அந்தப் பதிவை இன்றும் எவரும் காசின்றிப் பார்க்கலாம். கடனா நதி மணலில் பதிந்த காலடியை அடுத்த வெள்ளம் அழித்துவிடும். இந்தப் பேரேட்டில் பதிந்த காலடியை எந்த வெள்ளமும் அழிக்காது!

தடம் பெயராகும் விதம்

பெயரில்லாத முகவரி எப்போது பெயர் பெறுகிறது? அது உங்களுடையது என்று ஒருவருக்குத் தெரியும்போது. நாணயம் விற்கும் சந்தை நிறுவனங்கள் உங்கள் பான் எண்ணையும் அடையாளச் சான்றுகளையும் முகப்படத்தையும் கேட்கின்றன. 2023 மார்ச்சில் இந்நிறுவனங்கள் கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஆதலால் கேட்பது அவற்றின் கடமை. அங்கிருந்து நாணயம் எந்த முகவரிக்குப் போகிறது என்பதும் அவற்றுக்குத் தெரியும்.

2016 ஆகஸ்டில் பிட்ஃபினெக்ஸ் என்னும் சந்தையிலிருந்து 1,19,754 பிட்காயின்கள் களவு போயின. அவை முகவரி மாற்றி முகவரி சுற்றவிடப்பட்டன. ஆயினும் பேரேட்டின் தடத்தைப் பற்றிச் சென்ற அமெரிக்க அதிகாரிகள் 2022 பிப்ரவரியில் ஒரு தம்பதியைக் கைது செய்து, 94,000-க்கும் மேற்பட்ட நாணயங்களை மீட்டனர். காவலர்க்கு உதவிய அதே பேரேடு கள்வனுக்கும் திறந்தே கிடக்கிறது என்பதை மறவாதீர்கள்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்

ஆழ்வார்குறிச்சியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். துபாயில் பணிபுரியும் மகன், மாதந்தோறும் டெதர் என்னும் நாணயத்தை வாப்பாவின் கைப்பேசிக்கு அனுப்புகிறான். ஒரு நண்பர் திருப்பித் தரவேண்டிய கடனைப் பெறுவதற்காக வாப்பா அதே முகவரியை அவருக்கும் கொடுக்கிறார். அன்று முதல், மகன் அனுப்பும் ஒவ்வொரு தொகையையும், மீதியிருக்கும் சேமிப்பையும் அந்த நண்பர் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். வங்கிப் பாஸ்புத்தகத்தைப் பிறர் கையில் கொடுத்து, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றதற்கு ஒப்பாகும் இது.

இன்னும் கேளுங்கள். நீங்கள் அடிக்கடி பணம் அனுப்பும் முகவரியைப் பேரேட்டில் கண்ட மோசடிக்காரன், முதல் எழுத்துகளும் கடைசி எழுத்துகளும் அதைப் போலவே அமைந்த வேறொரு முகவரியை உருவாக்குகிறான். அதிலிருந்து அற்பத் தொகை ஒன்றை உங்களுக்கு அனுப்பி வைக்கிறான். அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து அவசரமாக எடுத்து அனுப்பினால், பணம் அவனிடம் போய்ச் சேரும்.

வாப்பா அந்த டெதரை முன்பின் அறியாத ஒருவருக்கு விற்று, வங்கியில் ரூபாயாகப் பெறுகிறார் என்று கொள்வோம். அந்த ரூபாய் எங்கோ ஏமாற்றிப் பறித்த பணமாக இருப்பின், சைபர் காவல்துறை வாப்பாவின் வங்கிக் கணக்கை முடக்கும். நாட்டில் பலருக்கு இது நேர்ந்திருக்கிறது. குடும்பச் செலவுப் பணத்தை வங்கி வழியே அனுப்புவதே சிக்கலற்ற வழி.

காத்துக்கொள்ளும் முறை

முதலாவது, ஒரே முகவரியை எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். பிட்காயினில் ஒவ்வொரு வரவுக்கும் புதிய முகவரி பெறலாம். ஒரே முகவரி நிலைத்திருக்கும் பிற நாணயங்களில், பிறரிடம் பெறுவதற்கு ஒன்றும் சேமிப்புக்கு வேறொன்றும் வைத்திருங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே மாற்றினால் இரண்டும் ஒருவருடையவை என்பது வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, அனுப்புமுன் முகவரியை முழுமையாகச் சரிபாருங்கள்.

மூன்றாவது, பணப்பையைத் திறக்கும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை எவரிடமும் சொல்லாதீர்கள். கடைத்தெருக் கணினி மையத்தில் தட்டச்சு செய்யாதீர்கள். படமெடுத்துக் கைப்பேசியில் வைக்காதீர்கள். தாளில் எழுதிப் பத்திரத்தோடு பூட்டி வையுங்கள்.

நான்காவது, நிறுவனத்தின் பெயர் சொல்லி வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். காயின்பேஸ் நிறுவனத்தின் அயல்நாட்டு உதவி மைய ஊழியர் சிலர் கையூட்டுப் பெற்று, 69,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளரின் விவரங்களை வெளியே கொடுத்தது 2025 மே மாதம் தெரியவந்தது. உங்கள் பெயரும் ஊரும் சரியாகச் சொல்கிறான் என்பதாலேயே அழைப்பவன் நிறுவனத்தின் ஆள் ஆகிவிட மாட்டான். ஏமாந்துவிட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

ஐந்தாவது, இலாபம் கண்டதை ஊரில் பறைசாற்றாதீர்கள்!

மறைவு வேறு, மறைப்பு வேறு

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த உரிமை வரி ஏய்ப்புக்குத் திரையாகாது. 2022 ஏப்ரல் முதல் இந்நாணய ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. அவ்வாண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு பிடித்தமும் உண்டு. அண்டை வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருமான வரித்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். பலரது நாணயங்களைக் கலந்து தடத்தை மறைக்கும் சேவைகளை நாடாதீர்கள். திருடனின் பணத்தோடு உங்கள் ஹலாலான உழைப்பைக் கலந்துவிட்டு, பின்னர் எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்?

இறுதியாக ஒன்று. 2024 ஜூலையில் வாஸிர்எக்ஸ் சந்தையில் நடந்த பெருங்களவைத் தொடர்ந்து முடங்கிய நாணயம் பற்றிய வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் சொத்தே என்றும், அதை ஒருவர் மற்றவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க இயலும் என்றும் கூறினார். சொத்தெனில் அதில் வாரிசுகளுக்குப் பங்கு உண்டு. மீட்புச் சொற்கள் உங்களோடு மறைந்தால், மனைவி மக்களின் பங்கும் மறைந்துபோகும். எந்த நீதிமன்றத்தாலும் அச்சொற்களை உருவாக்கித் தர இயலாது. ஆதலால், அத்தாள் எங்கே இருக்கிறது என்பதை நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிந்திருக்கட்டும். ஊருக்குத் தெரியாமல் காப்பதும், உரியவர்க்குத் தெரியும்படி வைப்பதும் ஒரே அமானிதத்தின் இரு பக்கங்கள்.