ஏலத்தோட்டத்துப் பிள்ளைகளும் எரிக் தேடலும்

விடியும் முன்பே கம்பம், போடியிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இடுக்கி மலையேறுகின்றன. அந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஆராய விரும்பும் பி.எட். மாணவி முதலில் எங்கே தேடுவார்? பொதுத் தேடலில் செய்தியும் விளம்பரமும் கலந்துதான் வரும்.

தேடும் ஆய்வு தப்பிவிடவும் கூடும். ஏன்? ஒருவர் ‘இடம்பெயர்வோர்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘பருவக் கூலிகள்’ என்பார். எழுதியவர் சொல்லும் தேடுபவர் சொல்லும் சந்திக்காவிட்டால் நல்ல ஆய்வும் கண்ணில் படாது.

அமெரிக்கக் கல்வி அலுவலகம் 1960களில் தொடங்கிய ‘எரிக்’ என்ற கல்வி ஆய்வுத் தரவுத்தளம் இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. ஆசிரியர் எப்படி எழுதியிருந்தாலும், கட்டுரையின் பொருளுக்கேற்ற நிலைச்சொல்லைத் தன் சொற்களஞ்சியத்திலிருந்து எடுத்து அதற்குச் சூட்டுகிறது. ‘மைக்ரன்ட் எஜுகேஷன்’ அப்படியொரு சொல். அதனுடன் ‘டிராப்அவுட்ஸ்’ சேர்த்து நடுவே ‘அண்ட்’ போட்டால், இடம்பெயர்வு, இடைநிற்றல் இரண்டையும் பேசுபவை மட்டும் மிஞ்சும். ‘ஆர்’ போட்டால் வலை விரியும். பதிவெண் ‘இஜே’ என்று தொடங்கினால் இதழ்க் கட்டுரை. ‘இடி’ என்றால் அறிக்கை போன்ற பிற ஆவணம்.

ஆனால் எரிக்கில் அமெரிக்க வகுப்பறைகளே அதிகம். நம் மண்ணின் ஆய்வுக்கு ஷோத்கங்கா வேண்டும். காந்திநகரின் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் இந்த ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் உள்ளன.

தலைப்பை முடிவுசெய்யும் முன் இரண்டிலும் ஒரு மாலை தேடிப் பாருங்கள். இரண்டுமே இலவசம்.