சர்பத் கொதிகலனும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்



கோடை வந்தால் நம் கடைகளில் நன்னாரி சர்பத்துக்குத் தனி இடம் உண்டு. முன்பெல்லாம் புட்டியில் அடைத்து வந்ததை வாங்கி விற்றோம். இப்போது வேரை வாங்கித் தாமே சாறு இறக்கி, தம் கடைப் பெயரிலேயே விற்கும் மளிகைக்காரர்கள் பெருகி வருகிறார்கள். வரவேற்க வேண்டிய முயற்சி. இதற்காக எரிவாயு அடுப்பை விட்டு மின்சாரக் கொதிகலனுக்கு மாறுவோரும் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

கே.கே. நகரில் நமக்கு வேண்டிய ஒருவரின் கடையில் இப்படி ஒரு கலன் இருந்தது. மழை மாதங்களில் சும்மா கிடந்ததைக் கோடைத் தொடக்கத்தில் எடுத்து ஓட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கசிவுக் காப்பு சுவிட்ச் விழுந்தது. "தொல்லையாக இருக்கிறது" என்று ஆள் வைத்து அந்தச் சுவிட்சையே கழற்றி, நேராக இணைத்துவிட்டார். அதை அவர் நம்மிடம் சொன்னபோது நாமும் சிரித்துக்கொண்டே கேட்டோம், தடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, ஈரத் தரையில் நின்று கலனைத் துடைத்த கடை உதவியாளர் தூக்கி எறியப்பட்டார். விழுந்த வேகத்தில் கை விடுபட்டதால் உயிர் தப்பினார். இன்றும் கை நடுக்கம் முழுதும் நீங்கவில்லை. அன்று வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற உறுத்தல் நமக்கு இருக்கிறது. அதையாவது இங்கே சொல்லிவிடுகிறோம்.

எங்கிருந்து வந்த சாதனம்?

இத்தகைய கலனும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மேல்நாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் பயன்படுத்துபவை. அமெரிக்காவில் சொந்தப் பயனுக்காக வீட்டில் பீர் தயாரிக்க 1978-இல் சட்டம் இயற்றி அனுமதி தந்தார்கள். முளைகட்டிய பார்லியை ஏறத்தாழ 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதே அவர்கள் வேலையின் உயிர்நாடி. சூடு சில டிகிரி கூடினாலும் குறைந்தாலும் சுவை மாறிவிடும். ஆகவே சூட்டை இம்மி பிசகாமல் நிறுத்தி வைக்கும் பெட்டியை உருவாக்கிக் கொண்டார்கள்.

நம் மாநிலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். அதற்காகச் சாதனம் வைத்திருப்பதும் குற்றம். அரசே கடை வைத்து விற்கிறதே என்பது இதற்குப் பதிலாகாது. பார்லி, ஈஸ்ட் வாங்க வரும் இளைஞர் யாராவது "வீட்டில் பீர் போடப் போகிறேன்" என்றால், இதை அவரிடம் எடுத்துச் சொல்வது நம் கடமை.

ஆனால் சாதனத்தின் மீது குற்றமில்லை. அதே பெட்டி நன்னாரிக்கு மிகப் பொருத்தமானது. நன்னாரியின் மணம் ஆவியோடு பறந்துவிடும் தன்மை உடையது. தளதளவென்று கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும். புட்டியில் மணம் இருக்காது. வேரைக் கழுவி, இடித்து, நடுத்தண்டை நீக்கி, கொதிநிலைக்கு வெகு கீழே, 70 டிகிரி அளவில் மூடி வைத்து ஊறவிடுவதே நல்லது. அடுப்பில் இதைச் செய்ய ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மின்கலன் ஆளில்லாமலே செய்யும்.

எவ்வளவு மின்சாரம்?

கணக்கு எளிது. 30 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 1.4 யூனிட் வேண்டும். 3000 வாட் காயில் போட்டால் அரை மணி நேரத்தில் ஏறிவிடும். 230 வோல்ட்டில் அந்தக் காயில் இழுப்பது 13 ஆம்பியர். மின்விசிறி, விளக்குக்குப் போட்ட வயரில் இதைச் செருகக் கூடாது. 4 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் தனி வழி, அதற்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. என்று போட வேண்டும். கடைக்கு அனுமதித்த மின்பளு இதைத் தாங்குமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் வைத்து வியாபாரத்துக்குக் காய்ச்சுவது சட்டப்படி தவறு, பிடிபட்டால் அபராதம்.

பெட்டிக்குள் இரண்டு பாதி

கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு பாதி சரக்கைக் காப்பது. மறு பாதி ஆளைக் காப்பது.

முதல் பாதியில் மூன்று உறுப்புகள். கலனுக்குள் இருக்கும் உணர்முனை சூட்டை அளந்து சொல்கிறது. பி.ஐ.டி. எனப்படும் கட்டுப்படுத்தி அதைக் கேட்டு முடிவெடுக்கிறது. கைதேர்ந்த சமையல்காரர் பதம் நெருங்க நெருங்க அடுப்பைத் தணிப்பாரல்லவா, அதே வேலைதான். சாதாரணத் தெர்மோஸ்டாட் 70 வந்த பிறகே நிறுத்தும். அதற்குள் காயிலில் தேங்கிய சூடு தண்ணீரை மேலும் ஏற்றிவிடும். பி.ஐ.டி. முன்கூட்டியே தணிக்கும். அதன் ஆணைப்படி நொடிக்கு நொடி மின்சாரத்தை விட்டு நிறுத்துவது எஸ்.எஸ்.ஆர். என்ற அசையாத சுவிட்ச். இந்த உறுப்புகள் ரிச்சி தெருவில் கிடைக்கும். எஸ்.எஸ்.ஆர். 40 ஆம்பியர் தாங்குவதாக, அலுமினியத் தகட்டோடு சேர்த்து வாங்க வேண்டும். தகடு இல்லாவிட்டால் சூடேறிச் செத்துவிடும்.

இங்கேதான் ஆபத்து. எஸ்.எஸ்.ஆர். பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தாது, விட்டுக்கொண்டே இருக்கும். கட்டுப்படுத்தி "போதும்" என்று சொன்னாலும் காயில் காய்ந்துகொண்டே இருக்கும். மேலும், நல்ல எஸ்.எஸ்.ஆர். அணைந்திருக்கும்போதும் சிறிது மின்சாரம் கசியும். ஆகவே அணைத்துவிட்டோம் என்று காயில் முனையைத் தொடக் கூடாது.

அதற்காகத்தான் மறு பாதி. அதில் ஐந்து காப்புகள்.

1. கசிவுக் காப்பு சுவிட்ச் (ஆர்.சி.சி.பி.), 30 மில்லி ஆம்பியர். போன மின்சாரம் முழுதும் திரும்பி வரவில்லை, எங்கோ கசிகிறது என்று கண்டால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். எம்.சி.பி. இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். ஒருவர் உடல் வழியாக அரை ஆம்பியர் பாய்ந்தாலும் 20 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. அது வயரைக் காப்பது. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. மட்டுமே.

2. எர்த். கலனின் உடல், பெட்டியின் கதவு இரண்டும் பச்சைக் கம்பியால் இணைக்கப்பட வேண்டும். அந்தக் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். நாம் சொன்ன அந்தக் கடையில் சுவர்ப் பிளக்கில் எர்த் துளை இருந்தது. அதன் பின்னால் கம்பியே இல்லை!

3. இரட்டை முனை கான்டாக்டர். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிப்பது. எஸ்.எஸ்.ஆர். சிக்கிக்கொண்டாலும் இது காப்பாற்றும். கை எட்டும் இடத்தில் உள்ள சிவப்புக் காளான் பொத்தானை அடித்தால் கான்டாக்டர் விழ வேண்டும்.

4. தனிச் சூட்டு வரம்பு. கட்டுப்படுத்தியோடு தொடர்பில்லாத இன்னொரு தெர்மோஸ்டாட். 90 டிகிரியில் வைத்து, கான்டாக்டரை விழச் செய்யுமாறு இணைக்க வேண்டும்.

5. மிதவை சுவிட்ச். தண்ணீர் மட்டம் காயிலுக்குக் கீழே இறங்கினால் நிறுத்துவது. வெறும் கலனில் காயும் காயில் சில நிமிடத்தில் செந்தணலாகிவிடும்.

அந்தச் சுவிட்ச் ஏன் விழுந்தது?

காயிலின் உலோகக் குழாய்க்குள், கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூள் நிரப்பப்பட்டிருக்கும். அதுதான் மின்சாரம் குழாய்க்கு வராமல் தடுப்பது. சும்மா கிடக்கும் காயிலின் முனை வழியாக அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைச் சொல்லவா வேண்டும்? ஈரமான தூள் வழியே மின்சாரம் கசிந்தது. காப்புச் சுவிட்ச் தன் வேலையைச் செய்தது. தொல்லை என்று நினைத்தது உண்மையில் எச்சரிக்கை! காயிலைக் கழற்றி உலர்த்தியோ மாற்றியோ, மின் வல்லுநரை அழைத்து மெகர் கருவியால் சோதித்திருந்தால் ஒரு நாள் வியாபாரத்தோடு போயிருக்கும்.

கட்டும்போது கவனிக்க

கலன் 304 தர எவர்சில்வரில் இருக்கட்டும். கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் செய்து தரும் பட்டறைகள் உண்டு. பெட்டியைக் கலனுக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். ஆவி உள்ளே போகும். ஒரு பக்கமாக, நெஞ்சு உயரத்தில், நீர் புகாத மூடியுடன் மாட்டுங்கள். கம்பிகள் கீழ்ப்புறமாக நுழையட்டும். இணைப்புப் படத்தைக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இணைக்க வேண்டும். தெரிந்த பையன் என்று விடக் கூடாது.

சர்க்கரையை இந்தக் கலனில் கொட்டாதீர்கள். காயிலில் ஒட்டிக் கருகி, சரக்கும் கசக்கும், காயிலும் கெடும். சாற்றை வடித்து, சூடு ஆறுமுன் வேறு பாத்திரத்தில் கரைப்பதே முறை. 10 லிட்டர் சாற்றுக்கு ஏறத்தாழ 18½ கிலோ சர்க்கரை சேர்த்தால் 65 சதவீதப் பதம் வரும். உணவுப் பாதுகாப்பு விதிகளும் சர்பத்துக்கு இதற்குக் குறையாத பதத்தையே கேட்கின்றன. பதம் இளகினால் காற்றிலுள்ள ஈஸ்ட் புகுந்து புட்டி பொங்கும். வேண்டாம் என்று ஒதுக்கிய பீர் வேலை நம்மையறியாமல் அங்கே தொடங்கிவிடும்! தயாரித்து விற்பதற்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ தேவை. வாங்கி விற்கப் பெற்றதே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

முடிவாக

விலை கேட்கும்போது நாம் வணிகர்கள், பேரம் பேசுவோம். பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த மறு பாதிதான். ஏனென்றால் அது இல்லாமலும் தண்ணீர் காயும், சாறு இறங்கும். பணம் போதவில்லையானால் முதல் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பி.ஐ.டி. இல்லாவிட்டால் மணம் சற்றுக் குறையும், அவ்வளவே.

ஏற்கெனவே கலன் வைத்திருப்போர் இன்று கடை திறந்ததும் ஒரு வேலை செய்யுங்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்கள். சுவிட்ச் விழுந்தால் நல்லது. மாதம் ஒரு முறை இப்படிப் பாருங்கள். விழாவிட்டால், அல்லது அப்படி ஒரு சுவிட்சே இல்லையென்றால், அதைச் சரிசெய்யும்வரை கலனை ஓட்டாதீர்கள். ஈரத் தரையில் நின்று அதைத் துடைப்பவர் நம்மை நம்பி வேலைக்கு வந்தவர்.