ரெட்டை மோட்டாரும் ஒரு சால்டரிங்கும்

போன சனிக்கிழமை மார்கன் ஹில்லுல என் ரெட்டை மோட்டார் ரிமோட் விமானம் மூக்கால தரையைத் தோண்டிடுச்சு மக்களே. நாலு மாச டி.ஏ. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு வாங்கினது :-(

கிளம்பின பத்தாவது செகண்டு இடது மோட்டார் நின்னுடுச்சு. பதட்டத்துல த்ராட்டிலை முழுசா ஏத்திட்டேன். வலது மோட்டார் மட்டும் இழுக்க, விமானம் இடப்பக்கம் திரும்பி, கவுந்து, விழுந்துடுச்சு. உடனே த்ராட்டிலைக் குறைச்சு மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தா புல்லுல சறுக்கி இறங்கியிருக்கும்.

ராத்திரி ப்ரொப்பெல்லரைக் கழட்டி வெச்சுட்டு (விரல் முக்கியம்!) காரணம் தேடினேன். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற ரெண்டு இ.எஸ்.சி.யையும் இடம் மாத்திப் போட்டேன். அப்பவும் இடது மோட்டார்தான் நின்னுது. ஆக, இ.எஸ்.சி. மேல தப்பில்ல. மோட்டாரோட மூணு வயரையும் ஒவ்வொண்ணா ஆட்டிப் பார்த்தேன். ஒண்ணை ஆட்டினா மட்டும் மோட்டார் திக்குது. கனெக்டர்ல சால்டரிங் சரியா பிடிக்கல. அது நானே வெச்சது.

சின்ன விஷயம்தானேன்னு தோணும். 2015 பிப்ரவரி 4 அன்னிக்கு தைபேயில கிளம்பின டிரான்ஸ்ஏசியா 235 விமானத்துல வலது எஞ்சினோட இழுப்பு போச்சு. விமானி தவறுதலா, நல்லா ஓடிக்கிட்டு இருந்த இடது எஞ்சினை அணைச்சுட்டார். 43 பேர் செத்துப்போனாங்க. வலது எஞ்சினோட கட்டுப்பாட்டுக் கருவி ஒண்ணுல சால்டரிங் விரிசல் விட்டிருந்தது விசாரணையில தெரிஞ்சுது.

அங்கயும் சால்டரிங், பதட்டம். எனக்குப் போனது வெறும் ஃபோம்.

இப்பல்லாம் பறக்க விடறதுக்கு முன்னாடி வயரை ஆட்டிப் பாக்கறேன். ஒரு மோட்டார் நின்னா கை தானா த்ராட்டிலைக் கீழ இறக்கணும்னு சிமுலேட்டர்ல தினமும் பழகறேன். நேத்து பத்துக்கு ஏழு தடவை இறக்கிட்டேன் :-)