டியூ கட்ட முடியாத காரை ஒப்படைத்தால் கடன் தீருமா?

கடனில் வாங்கிய காருக்கு டியூ கட்ட முடியாமல், வண்டியைத் தாமாகவே ஃபைனான்ஸ் நிறுவனத்திடம் கொண்டுபோய் விடுவதை 'சரண்டர்' என்கிறார்கள். டியூ நின்ற பிறகு நிறுவனத்தின் ஆட்கள் வந்து எடுத்துப்போனால் அது 'சீஸ்'. முதலில் அசைவது யார் என்பதில்தான் இரண்டுக்கும் வேறுபாடு. கடன் கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. வண்டியைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால்தான், வண்டியும் இல்லாமல் கடனும் தீராமல் குடும்பங்கள் தவிக்கின்றன.

விருதுநகர் மாவட்டத்தின் வத்திராயிருப்பு வட்டாரத்தில் இந்தச் சிக்கல் எளிதில் வரக்கூடியது. நெல்லும் தென்னையும் பணம் தருவது பருவத்துக்குப் பருவம்தான். சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகிறவர்களை நம்பி வாடகைக்கு வண்டி ஓட்டுபவருக்கு அமாவாசை, பௌர்ணமிக் கூட்டம்தான் வருமானம். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை அடிவாரத்தில் இருக்கும் நெரிசல் மற்ற நாட்களில் இருப்பதில்லை. டியூவோ மாதம் தவறாமல் ஒரே தேதியில் ஒரே தொகையாக வந்து நிற்கும். மூன்று டியூ நின்று 90 நாள் கடந்தால், அந்தக் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும்.

இன்று பெரும்பாலான கார் கடன்கள் ஹைபாதிகேஷன் (எச்.பி., வண்டியையே ஈடாக வைத்த கடன்) வகையைச் சேர்ந்தவை. ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்று இருப்பது கடன் வாங்கியவர் பெயர். அதன் கீழே நிறுவனத்தின் எச்.பி. பதிவு இருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இந்தப் பதிவைப் பற்றியது. நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை வேறு பெயருக்கு மாற்ற முடியாது. வண்டி என்பது கடனுக்கு ஈடு மட்டுமே. ஈட்டை ஒப்படைத்தாலும், அதை விற்று வந்த பணம் பாக்கிக்குப் போதாவிட்டால் மீதியைக் கடன் வாங்கியவரே கட்ட வேண்டும்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டப்படி, தவணைக் கொள்முதலில் கார் வாங்கியவர் மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியிருந்தால், வண்டியை நல்ல நிலையில் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். மேற்கொண்டு தவணை இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1972இல், இந்திய நாடாளுமன்றமும் தவணைக் கொள்முதல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எழுத்து மூலம் 14 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பொருளைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை அதில் இருந்தது; பாதிக்கு மேல் கட்டியவரிடம் ஒப்பந்தத்தை முடிப்பதற்கான தொகை என்று எதையும் கேட்கக் கூடாது என்ற காப்பும் இருந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. 2005இல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இல் தொடங்கியது முதல் வாகனக் கடனுக்குப் பெயர்போன தமிழ்நாட்டில், எத்தனையோ குடும்பங்களைக் காத்திருக்கக்கூடிய சட்டம் அது. இன்று இங்கே சரண்டர் என்பது உரிமையாக இல்லை; ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் சம்மதத்தையும் பொறுத்த ஏற்பாடாக மட்டுமே இருக்கிறது.

பாக்கி ஏன் மிஞ்சுகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஷோரூம் விலை 7,50,000 ரூபாய் உள்ள காருக்கு 7,00,000 ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 84 மாதம் என்று வைத்துக்கொண்டால், மாத டியூ சுமார் 11,620 ரூபாய். இரண்டு ஆண்டில் கட்டியது ஏறத்தாழ 2,79,000. அதில் 1,26,000 வரை வட்டிக்கே போயிருக்கும். அசல் பாக்கி இன்னும் 5,47,000. இரண்டு வயது முடிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் கணக்கில் 30 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள். மதிப்பு 5,25,000 ஆகிவிடும். அந்த மதிப்புக்கே விற்றாலும் கடன் அடையாது. ஏலத்தில் அது 4,50,000க்குப் போனால் துண்டு விழுவது 97,000. யார்டு வாடகையும் ஏலச் செலவும் அதற்கு மேல். முன்பணம் குறைவாகவும் தவணைக் காலம் நீளமாகவும் இருந்தால் இந்த இடைவெளி பெரிதாகிறது.

ஆகவே சரண்டருக்கு முன் யோசிக்க வேண்டியது, வண்டியைச் சொந்தமாக விற்பது. ஏலத்தைவிடத் தெரிந்த ஆள் நல்ல விலை தருவார். நிறுவனத்திடம் அன்றைய தேதிக்கு மொத்த பாக்கி எவ்வளவு என்ற கணக்கை எழுத்தில் வாங்க வேண்டும். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும் அதில் இருக்கலாம். வாங்குபவரின் பணம் நேராகக் கடன் கணக்குக்குப் போக வேண்டும். பிறகு நிறுவனம் தரும் தடையில்லாச் சான்றையும் (என்.ஓ.சி.) படிவம் 35ஐயும் கொண்டு எச்.பி.யை ரத்து செய்து, 29, 30 படிவங்களால் பெயர் மாற்றலாம். வத்திராயிருப்பு வண்டிகளுக்கு இது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலக வேலை. டியூ ஒழுங்காக ஓடும்போதே இதைச் செய்தால் விலை பேசும் பலம் விற்பவரிடம் இருக்கும்.

"மீதி டியூவை நீ கட்டிக்கோ" என்று வாய்ப்பேச்சில் வண்டியைக் கைமாற்றிவிடுவது இதற்கு நேர்மாறான, ஆபத்தான வழி. புதியவர் கட்டாவிட்டால் நோட்டீஸ் பழையவருக்கே வரும். விபத்து நடந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது; அந்த வண்டி பல கை மாறியிருந்தும் பதிவு உரிமையாளர் தப்பவில்லை.

விற்க வழியில்லாமல் சரண்டர்தான் என்றால், எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் காரணம், தேதி, கிலோமீட்டர் அளவு, வண்டியின் நிலை, சாவிகள் ஆகியவற்றைக் குறித்துக் கடிதம் கொடுத்து, நிறுவனத்தின் முத்திரையுடன் ரசீது வாங்க வேண்டும். வண்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து வைப்பது நல்லது. மீதித் தொகையை முழுத் தீர்வாகத் தள்ளுபடி செய்வதாகப் பேச்சு இருந்தால், அது கடிதத்தில் வராமல் சாவியைக் கொடுக்கக் கூடாது. ஃபாஸ்டேகை முடித்துவிட வேண்டும். வங்கியில் தானாகப் பிடிக்கும் உத்தரவையும் கொடுத்துவைத்த காசோலைகளையும் பற்றி எழுதிக் கேட்க வேண்டும். அவை பணமில்லாமல் திரும்பினால் தனி வழக்குக்கே இடமுண்டு.

ரிசர்வ் வங்கியின் நெறிகளின்படி, வங்கி அல்லாத ஃபைனான்ஸ் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் வண்டியை எடுப்பதற்கு முந்தைய அறிவிப்புக் காலமும், விற்கும் முன் பாக்கியைக் கட்டக் கடைசி வாய்ப்பும், விற்பனை முறையும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். ஏலத்துக்குப் பின் விற்ற விலை, கழித்த செலவு, மீதி ஆகியவற்றின் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்; கடனுக்கு மேல் கிடைத்த பணம் வண்டிக்காரருடையது. அடியாட்களை விட்டுப் பிடுங்குவதை 2007இல் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

மிஞ்சிய பாக்கிக்கு ஜாமீன் போட்டவரும் பொறுப்பு என்பதால், சரண்டர் முடிவை அவரிடம் முன்கூட்டியே சொல்வது அவசியம். பாக்கியை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குவது சிறு கடனைப் பெரிதாக்கும் வேலை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் கந்துவட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. பேசி முடித்த குறைந்த தொகையைக் கட்டினால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கணக்கு 'செட்டில்டு' என்று பதிவாகும், 'குளோஸ்டு' என்று அல்ல. அடுத்த கடன் கேட்கும்போது அது தடையாகலாம். மிஞ்சிய பாக்கியை வசூலிக்க நிறுவனம் நடுவரிடம் போய், சென்னையிலிருந்து நடுவர் தீர்ப்பாய நோட்டீஸ் வந்தால் பதில் போடாமல் விடக் கூடாது. நிறுவனம் தன்னிச்சையாக ஒரே நடுவரை நியமித்திருந்தால் அது செல்லாது என்று வாதிட, 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது.

நிறுவனம் புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் மாவட்ட நீதிமன்றமும் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். இலவச சட்ட உதவிக்கும், மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவதற்கும் வத்திராயிருப்புக்காரர் அங்கேயே போய்க் கேட்கலாம்.