மூளையில்லாத மோடம்

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்கள். 2002 வாக்கில் ஓசூரில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைப் பிடிப்பது அந்தக் கதைதான். மோடம் வேலை செய்ய டிரைவர் வேண்டும். டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்குப் போக மோடம் வேண்டும்.

அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான். ஊரில் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வந்து வருடக்கணக்காகியிருந்தன. ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு உதிரி சாமான் வேண்டுமென்றால் ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாக 40 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் நிற்க வேண்டும்.

பெங்களூர் கிட்டத்தில் இருந்தாலும் போனுக்குத் தூரம்தான். ஓசூர் 04344, பெங்களூர் 080. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தபோது முதல் வரிசையில் வந்தவை நான்கு பெருநகரங்கள். பெங்களூர் அதற்குப் பிறகு. ஓசூரிலிருந்து பெங்களூரில் இருக்கும் விஎஸ்என்எல் மோடத்தைக் கூப்பிட்டால் எஸ்டிடி மீட்டர் ஓடும். 1998இல் தனியாருக்கும் அனுமதி கிடைத்து, 172 என்று தொடங்கும் எண்களை உள்ளூர் கட்டணத்தில் கூப்பிடலாம் என்று ஆன பிறகுதான் வீட்டு இன்டர்நெட் நினைத்துப் பார்க்கக்கூடியதாயிற்று.

லினக்ஸ் மட்டும் சுலபமாக வந்து சேர்ந்தது. ‘பிசி குவெஸ்ட்’ பத்திரிகை சிடியோடு கொடுத்தது. 2003இல் ‘லினக்ஸ் ஃபார் யூ’ என்று தனிப் பத்திரிகையே வந்தது. அந்த சிடி பெரிய புண்ணியம். டயல் அப்பில் நொடிக்கு 5 கிலோபைட் வந்தால் அதிகம். 650 மெகாபைட்டை இறக்க, லைன் ஒரு தடவைகூட அறுந்துபோகாமல் இருந்தால், 37 மணி நேரம்.

ஒரு சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி ஒரு உள் மோடம் கார்டு வாங்கினேன். கையகலம், எடையே இல்லை. விண்டோஸில் உடனே பாடியது. லினக்ஸில் டபிள்யூவிடயல் என்ற நிரல் ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டு, மன்னிக்கவும், மோடம் எதுவும் தட்டுப்படவில்லை என்றது. கார்டு கெட்டுவிட்டதோ என்று திரும்ப எடுத்துப் போனேன். கடைக்காரர் தன் விண்டோஸில் போட்டுக் காட்டி, “நல்லாத்தானே இருக்கு சார்” என்றார். அவர் சொன்னதும் சரி.

விஷயம் பிறகுதான் புரிந்தது. முழு மோடத்துக்குள் மூன்று வேலைகள் நடக்கும். கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு நடக்க ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு; எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்ற ஒரு கணக்குச் சில்லு; டெலிபோன் லைனைத் தொட ஒரு சின்னச் சுற்று. விலையைக் குறைப்பதற்காகக் கம்பெனிகள் முதல் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த வேலையைக் கம்ப்யூட்டரின் பிராசசர் தலையில் கட்டின. அதைச் செய்யும் மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும் எழுதி, அது எப்படி வேலை செய்கிறது என்பதை ரகசியமாக வைத்துக்கொண்டன. நான் வாங்கி வந்தது மோடத்தின் வாயும் காதும்தான். மூளை விண்டோஸ் சிடியில் இருந்தது. இவற்றுக்கு ‘வின்மோடம்’ என்றே பெயர்.

பரிகாரம் இரண்டு. ஒன்று, சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடம். அதன் மூளை அதற்குள்ளேயே இருக்கும். லினக்ஸுக்கு டிரைவரே வேண்டாம். விலை மட்டும் கார்டைப்போல மூன்று மடங்கு. மற்றொன்று, கார்டில் இருப்பது லூசென்டா, கோனெக்சன்டா, ஸ்மார்ட்லிங்கா என்று சில்லின் ஜாதகத்தைப் பார்த்து, அதற்கு யாராவது லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறார்களா என்று தேடுவது. கோனெக்சன்ட் சில்லுக்கு லினக்சன்ட் என்ற நிறுவனம் டிரைவர் கொடுத்தது: இலவசமென்றால் 14.4 கிலோபிட் வேகம், காசு கட்டினால் முழு வேகம்.

நான் இரண்டாவது வழியில் போனேன். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் டிரைவரை இறக்கி பிளாப்பியில் போட்டு வீட்டுக்கு வந்தால், பிளாப்பி படிக்காது. மறுநாள் இரண்டு பிளாப்பி. அதை நம் கெர்னலுக்கு ஏற்றபடி நாமே கம்பைல் செய்ய வேண்டும். பதிப்பு எண்ணில் ஒரு புள்ளி மாறினாலும் ஏறாது. நாலாவது நாள் ஏறியது. மோடம் லைனை எடுத்தது, உடனே டயல் டோன் இல்லை என்று வைத்துவிட்டது. ரிசீவரை எடுத்துக் கேட்டால் டோன் நன்றாகவே இருக்கிறது. அந்த மோடத்துக்குப் பழக்கமானது வெளிநாட்டு டோன். நம் எக்ஸ்சேஞ்சின் குரல் அதற்குப் பிடிபடவில்லை. டோனுக்குக் காத்திருக்காமல் எண்ணைப் போடு என்று சொல்ல ‘ஏடிஎக்ஸ்3’ என்று ஒரு கட்டளை உண்டு. அதைச் சேர்த்ததும் கீச்சென்ற சத்தம், இரைச்சல், பிறகு அமைதி. திரையில் ‘கனெக்ட் 45333’.

56 கே என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 56 ஒரு நாளும் வராது என்று தெரிந்திருந்ததால், அந்த எண்ணே திருப்தியாக இருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக மாறியது. பிராட்பேண்ட் வந்தது, அதன்பின் யுஎஸ்பி டேட்டா கார்டு. அதையும் லினக்ஸில் அதே டபிள்யூவிடயலைக் கொண்டு ஓட்டினோம். 172க்குப் பதில் *99#. இன்று வீட்டுக்கு ஃபைபர். 37 மணி நேரம் கேட்ட அந்த சிடி, 100 எம்பி இணைப்பில் ஒரு நிமிடத்துக்குள் இறங்குகிறது. அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல் அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று மூடியது. ஆனால் டயல் அப் காலத்துப் பிபிபி நெறிமுறை சாகவில்லை. பல ஃபைபர் இணைப்புகளில் யூசர்நேம், பாஸ்வேர்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது இன்னும் அதுதான்.

இன்று ஓசூருக்கு மோடம் தேடி அத்திப்பள்ளியைத் தாண்ட வேண்டியதில்லை. இங்கிருந்துதான் மோடம் அத்திப்பள்ளியைத் தாண்டிப் போகிறது, ஸ்கூட்டருக்குள் உட்கார்ந்து. ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸின் டேஷ்போர்டு ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஸ்கூட்டருக்கென்று சிம்மும் உண்டு. லினக்ஸும் மோடமும் ஒன்றோடொன்று பேசுமா என்று நாலு நாள் கண்விழித்த ஊரில், இரண்டும் ஜோடியாகவே ஷிப்டுக்கு ஷிப்டு வெளியே வருகின்றன.

போன மாதம் ஒரு சின்ன யூனிட்டில், மெஷின் ஓடிய நேரத்தை மொபைல் நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டி ஒன்று மக்கர் செய்தது. உள்ளே லினக்ஸ் போர்டு, நகத்தளவு 4ஜி மாட்யூல். டிப்ளமா முடித்த ஒரு பையன் லேப்டாப்பைச் செருகி ‘ஏடி’ என்று அடித்தான். ‘ஓகே’ என்று பதில் வந்தது.

“ஏடின்னா என்ன சார்? எல்லாக் கமாண்டும் ஏடியிலதான் ஆரம்பிக்குது.”

“அட்டென்ஷன். 1981ல ஹேஸ்னு ஒரு கம்பெனி மோடத்துக்கு வச்ச பாஷைப்பா.”

“நான் பொறக்கவே இல்ல சார்.”

“அப்ப நானும் மோடத்தைப் பார்த்ததில்ல.”

அவன் சிக்னல் எவ்வளவு என்று கேட்டான், மாட்யூல் சொன்னது. எந்த நெட்வொர்க் என்று கேட்டான்; சொன்னது. பெட்டி கர்நாடகா டவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. எல்லையோரத்தில் இது புதிதல்ல.

எனக்குப் பழைய கார்டுதான் ஞாபகம் வந்தது. இந்த மாட்யூலுக்கு மூளை இருக்கிறது. ஆனால் பூட்டிய மூளை. டவரோடு பேசும் பகுதி எதை எப்படிச் செய்கிறது என்று பார்க்க நமக்கு வழியில்லை. திறந்த மென்பொருளுக்காகவே 2020இல் வந்த பைன்போனிலும் இதே கதைதான். அதன் மோடத்துக்குள்ளேயே தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது. ஆர்வலர்கள் அதைக்கூட மாற்றி எழுதிவிட்டார்கள். அதற்கும் அடியில் ரேடியோவை ஆட்டிவைக்கும் பகுதி மூடியேதான் இருக்கிறது. அன்று மூடியிருந்த இடத்தில் முட்டிக்கொண்டதால், மூடியிருப்பது தெரிந்தது. இன்று முட்டுவதில்லை.

பையன் கடைசியாக ‘ஏடிஐ’ அடித்தான். மாட்யூல் தன்னைச் செய்த கம்பெனியின் பெயரையும் மாடலையும் பதிப்பு எண்ணையும் சொல்லி நிறுத்திக்கொண்டது.

“இவ்வளவுதான் சொல்லுமா சார்?”

“இவ்வளவுதான்” என்றேன். அவன் ஆன்டெனாவைத் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்பி வைத்தான்.